வயரில்லாத மவுஸ்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் ரோசம்மாவுக்கு வரைபடம் போடும் வேலை. எண்பத்தொன்பதாம் ஆண்டில் வரைபலகைகள் மூலைக்குப் போய்க் கணினிகள் வந்துவிட்டன. நாளெல்லாம் மவுஸை நகர்த்தி நகர்த்தி அவளுடைய வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். தோ பாயோ வீட்டுக்குத் திரும்பினால் அரிசி களையவும் முடியாது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் தனசேகரன் வயரில்லாத மவுஸ் ஒன்றை அவள் மேசையில் வைத்தார். பழையதையும் இதையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்து, எது தேவலை என்று வெள்ளிக்கிழமை சொல்லச் சொன்னார். நன்றாயிருந்தால் எல்லாருக்கும் வாங்குவாராம். ரோசம்மாவுக்கு ஒரு நப்பாசை. தாள்களுக்கடியில் சிக்கி இழுக்கும் அந்த வயர் ஒழிந்தால் கைவலியும் ஒழியும் என்று நினைத்தாள்.

ஒழியவில்லை. பேட்டரி போட்ட புதிய மவுஸ் கல்லாய்க் கனத்தது. அதன் சைகையை வாங்கக் கணினியோடு இணைத்திருந்த சின்னப் பெட்டியை ஒரு தாள் மறைத்தாலும் திரையில் அம்பு நின்றுவிடும், பிறகு தாவும். குழாய்க்குப் போட்ட கோடு சுவரைத் தாண்டிப் போயிருக்கும். அழித்து மறுபடி போட வேண்டும். பழையது இழுத்தாலும் வைத்த இடத்தில் நின்றது. வியாழக்கிழமை அவளால் கோப்பிக் குவளையைத் தூக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தனசேகரன் வந்து கேட்டார். பக்கத்து மேசை எட்மண்ட், புதியதுதான் பார்க்க அழகு என்றான்.

“வயர் உள்ளதே போதும் சார். புதுசு கோட்டைத் தப்பாப் போடுது,” என்றாள் ரோசம்மா. அத்தோடு நிறுத்தத்தான் நினைத்தாள். அலுப்பில் மிச்சமும் வந்துவிட்டது. “எதைக் கொடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான். கை போயிடுச்சு சார்.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

வீங்கியிருந்த மணிக்கட்டை அவர் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. “இப்பவே கிளினிக் போங்க. மிச்சத்தை எட்மண்ட் பார்த்துக்குவான் லா.”

மருத்துவர் கட்டுப் போட்டு இரண்டு வாரம் விடுப்பு எழுதினார். அவள் திரும்பி வந்தபோது புதிய மவுஸை விற்பனைக்காரர் எடுத்துப் போயிருந்தார். அவளுடைய வரைபடங்களில் பாதியை எட்மண்ட் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தான். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் வலிக்கிற அன்றைக்கு, வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மேசையை விட்டு எழுந்துகொள்வாள்.