மூலை நசுங்கிய தட்டு

யாரையும் லேசில் நம்பாதவள் நான். அனிற்றாவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். எங்கள் தோட்டத்து லயத்தில் சுவருக்கு அடுத்த காம்பராக்காரி, சின்ன வயதுக் கூட்டாளி.

குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்துவிட்டு வந்தபோது எனக்கென்று இரண்டு சிலிக்கன் கேக் அச்சுகள் கொண்டுவந்தாள். நல்ல சிவப்பு, துணிபோல மடிக்கலாம். அப்போது என்னிடம் இருந்தவை றக்வானை டவுனில் தகரக்காரனிடம் சொல்லி அடித்த இரண்டு தகரத் தட்டுகள். ஒன்று பஸ் படியில் விழுந்து ஒரு மூலை உள்ளே நசுங்கியிருந்தது. மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு ஒன்பது வருடமாக அவற்றில்தான் கேக் சுட்டேன். இந்த வருடம் என் மகள் றொஸானிக்கும் புதுநன்மை. அவளுக்கு என் கையால் சுட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

“இன்னுமா தகரத்துல சுடுற? சூட்டுக்கு ஈயம் எறங்கும்டி, பிள்ளைங்க தின்றது. அங்க மேடம் வீட்டுல எல்லாம் சிலிக்கன்தான். ஒட்டாது, கருகாது.”

“அப்ப இத என்ன செய்ய?”

“எனக்குக் குடு. கோழி வாங்கப் போறேன், தீனி வெக்க ஆகும்.”

சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கையில் கொடுத்தேன். என் புத்தியைத்தான் தேய்க்க வேண்டும்.

புதுநன்மைக்கு முதல் நாள் சனிக்கிழமை. மாவு ஊற்றிய அச்சைத் தூக்கினேன். வளைந்து பாதி தரையில் கொட்டியது. மற்ற அச்சை ஒருவழியாக ஓவனுக்குள் வைத்தேன். வழக்கமான நேரத்துக்கு எடுத்தால் மேலே சிவந்திருந்தது, அடியும் பக்கமும் வெள்ளையாய் ஈரம். கவிழ்த்ததும் இரண்டாகப் பிளந்தது. முட்டையும் பட்டரும் அதோடு தீர்ந்தன.

தட்டைக் கேட்டு அனிற்றாவிடம் ஓடினேன்.

“அனே பௌ, ஐயோ பாவம், அதுவா? துருப்புடிச்சுப் போச்சு, வீசிட்டேன். அழாதடி. எதுக்கும் இருக்கட்டும்னு நானே றெண்டு கேக் சுட்டு வெச்சிருக்கேன். நாளைக்குக் கொண்டு வர்றேன்.”

அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்றேன். கோழிக்கூடு எதுவும் அங்கே கண்ணில் படவில்லை. அதைத் தேடவும் எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் ஹோலுக்கு வந்தோம். இனி வருசா வருசம் நீங்களே சுடுங்க என்று, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கும் சூசையம்மா ரீச்சர் அனிற்றாவிடம் சொல்ல, அவள் தலைகுனிந்து சிரித்தாள். பிறகு துணியை விலக்கினாள். ஓரமெல்லாம் பொன்னாய்ச் சிவந்த இரண்டு கேக். ஒன்றில் ஒரு மூலை உள்ளே நசுங்கியிருந்தது.

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாள். தட்டு போனால் போகட்டும். என் பிள்ளையின் நாளை அல்லவா எடுத்துக்கொண்டாள்! நேற்று அவளைக் கட்டிப்பிடித்த கை இரண்டும் எரிந்தன.

வெள்ளைச் சட்டையில் நின்ற றொஸானி கேக்கை எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, நம்ம கேக் மாதிரியே மூல நசுங்கியிருக்கு. அனிற்றா அத்தைக்கும் அப்படித்தான் வருமா?”

கேக்கை வெட்டப் போன அனிற்றாவின் கத்தி நின்றது.

“தட்டு நம்மளோடதுதான் மகளே,” என்றேன், ஹோலில் எல்லோருக்கும் கேட்கும்படி. “கோழி தின்ன தட்டுல அத்த ஒனக்குச் சுட்டுக் குடுத்திருக்கா.”