கூரை பிரித்த வெள்ளிக்கிழமை

முடிசூட்டிய மூன்றாம் நாள் காலை ராஜாவின் பாதங்கள் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நின்றன. அதற்குப் பிறகு அவை தரையைத் தொடவே இல்லை. முதலில் பார்த்தவர் மந்திரி. கெட்டிக்கார மனுஷன், கண்டும் காணாததுபோல் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஜனங்களுக்கோ ஏக சந்தோஷம். இத்தனை லேசான ஆள் யாரையும் அழுத்தமாட்டான் என்று நம்பினார்கள், பாவம். முதல் வருஷம் ஒரு முழம் ஏறினார், சிறைக்கதவுகளைத் திறந்துவிட்டார். இரண்டாம் வருஷம் ஆள் உயரம் ஏறினார். அங்கிருந்து பார்த்தால் யாருக்கும் முகம் கிடையாது, உச்சந்தலைதான். தூக்கில் போடச் சொல்வது சுலபமாகிவிட்டது. மூன்றாம் வருஷம் முரசறைந்து சொன்னார்கள்: ராஜா மேலே போகவில்லை, ராஜ்ஜியம்தான் கீழே போகிறது, மாற்றிப் பேசுகிறவனுக்குத் தூக்கு. அந்த வருஷம் முழுக்க ஊரே கூடை கூடையாக மண் சுமந்து அரண்மனைத் தரையில் கொட்டியது. ராஜா அதற்கும் மேலே போனார்.

அரண்மனைக் கூரை வேலை ஒரு பெண்ணுடையது. எல்லோருக்கும் அவள் கூரைக்காரி. அப்பா அவளிடம் விட்டுப்போனது ஒரு பெட்டி உளியும் ஒரு தம்பியும். ஆறு வருஷத்தில் சபை மண்டபத்தின் கூரையை நான்கு தடவை உயர்த்தினாள். ஊர் உலகத்தில் கூரை கீழே விழாமலிருக்க முட்டுக் கொடுப்பார்கள். இவள் மேலே போகாமலிருக்கக் கல் ஏற்றினாள். ராஜாவின் முதுகு முட்டிய இடத்தில் பலகை வெளிப்புறமாகப் புடைத்து, ஆணிகள் தாமாகக் கழன்று நின்றன. அவற்றைத் திரும்ப அடித்து, பாரம் வைத்து, யாரிடமும் மூச்சு விடாமல் இறங்கி வந்தாள். ராஜாவைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் கூரை ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பிக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. மரம் அறுக்கும் பட்டறையில் எவனோ சாரம் எவ்வளவு உயரம் என்று கேட்க, இவன், "ராஜா மிதக்கிற உயரத்துக்கு வேணும், பதினாலு முழம் போடு" என்று சொல்லித் தொலைத்தான். மத்தியானச் சோறு ஆறுவதற்குள் இழுத்துப் போனார்கள். தூக்கோ விடுதலையோ, ராஜா தன் வாயால் சொன்னால்தான் செல்லும். அதுவரை கைதி கைதிதான். வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் தீர்ப்பு என்றார்கள். செவ்வாய்க்கிழமை ராஜாவின் தலை கூரையில் மோதி வீங்கியது. கூரை தன்மேல் விழப் பார்க்கிறது, இது ராஜத்துரோகம், வெள்ளிக்கிழமை உச்சிக்குள் பிரித்தெறியுங்கள் என்று கத்தினார்.

கூரைக்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிரித்தால் ராஜா போய்விடுவார், தம்பியை விடச் சொல்ல வாய் இருக்காது. பிரிக்காவிட்டால் அவளுக்கும் சேர்த்துக் கயிறு. விஷயத்தைச் சொல்லலாம் என்றால் சொல்வதே குற்றம். மந்திரியின் அறை வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, கூரையை எடுத்துட்டா..."

மந்திரி அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். "எடுத்துட்டா என்னம்மா ஆகும்? ராஜ்ஜியம் இன்னும் கொஞ்சம் கீழ போகும், அவ்வளவுதானே? போ, போய் வேலையைப் பாரு."

வெள்ளிக்கிழமை அவள் உத்தரத்தின்மேல் குந்தியிருந்தாள். பதினாலு முழம் கீழே தம்பி கை கட்டப்பட்டு நின்றான். பக்கத்தில் ஆணை எழுதும் எழுத்தர் பேனாவோடு நின்றார். ராஜா தீர்ப்பை முதலில் சொல்லிவிடட்டும் என்று ஒரு ஆணிக்கு மூன்று ஆணி நேரம் எடுத்துக்கொண்டாள். ராஜாவோ பலகையில் முதுகு ஒட்ட, "இன்னுமா முடியல?" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. கடைசிப் பலகையில் அவள் கையே வைக்கவில்லை. அது தானாகத் தெறித்துப் போனது.

அடுப்புப் புகைபோல மெதுவாகத்தான் ஏறினார். உத்தரத்தைத் தாண்டும்போது இருவர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிரே வந்தன. ஆறு வருஷத்தில் அந்த முகத்தை அவள் கிட்டே பார்த்தது அப்போதுதான். தம்பி வயசுதான் இருக்கும். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அக்கா, பிடிச்சுக்கோங்க" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவளுடைய வலது கை காலியாக இருந்தது. ராஜாவின் வெறுங்கால் அந்தக் கைக்கு நேரே வந்து, கொஞ்ச நேரம் நின்றதுபோல் இருந்து, மேலே போனது. பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

"மகாராஜா என்ன சொன்னாரு?" என்று கீழேயிருந்து எழுத்தர் கத்தினார்.

"என் தம்பியை விட்டுடச் சொன்னாரு!"

எழுத்தர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா எழுதிக்க வேண்டியதுதானே, என்னை எதுக்குய்யா பாக்குற?" என்றார். தம்பியின் கைக்கட்டை அவிழ்த்தார்கள். ராஜா முதலில் புறா அளவும் பிறகு ஈ அளவும் ஆனார்.

அது நடந்து இருபது வருஷம் ஆகிறது. ராஜா விழவில்லை. தினமும் உச்சிவேளையில் ஒரு தட்டு அளவு நிழல் பட்டறை முற்றத்தைக் குறுக்கே கடந்து போகும். பட்டறை ஆட்கள் ரம்பங்களைக் கீழே வைத்துக் கை கழுவப் போவார்கள். முடி நரைத்த தம்பி அந்த நேரத்தில், "அக்கா" என்று கூப்பிடுவான். அவள் திரும்பமாட்டாள். வலது கை மட்டும் எதையோ பற்றுவதுபோல் இறுக மூடிக்கொள்ளும். அது விரிகிறவரை அவன் காத்திருப்பான், ஏன் என்று கேட்டதில்லை.

"நிழல் போயிடுச்சுக்கா, சாப்பிட வா" என்பான் பிறகு. அவள் எழுந்து வருவாள்.