கண்ணடிக்கிற மாமு

என் இடது இமை பாதி இறங்கி நிற்பதை முதலில் பார்த்தது பூவம்மாதான். திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டு வாசலில் இட்லிக்கடை போட்டிருப்பவள். "இன்னா மாமு, காலங்காத்தால கண்ணடிக்கிற?" என்றாள். சட்னி அரைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் உட்பட கடையே சிரித்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனைவி செத்துப்போனபிறகு என் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொன்னதில்லை. யார்டில் நான் கன்டெய்னர் கதவுப் பூட்டில் சீல் நம்பர் சரிபார்க்கிற ஆள், அவ்வளவுதான். வீட்டில் டிவி மட்டும் பேசும். ஆகவே இமையைப் பற்றிக் கவலைப்படாமல், தினமும் அந்தக் கேள்விக்காகவே இட்லி தின்றேன். இடது தோள் குடைந்தது. வயசான வலி என்று தைலம் தேய்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன.

ஒருநாள் மண்டையைப் பிளக்கும் வெயில். பூவம்மா என்னையே உற்றுப் பார்த்தாள். "மாமு, உனுக்கு மூஞ்சில ஒரு பக்கந்தான் வேர்க்குது. கண்ணடிக்கிற பக்கம் காஞ்சி கீது. ஆஸ்பத்திரிக்குப் போ."

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். கண்ணுக்கு வந்தவனுக்கு நெஞ்சில் என்ன வேலை என்று எரிச்சல்பட்டேன். நுரையீரலின் உச்சியில் ஒரு கட்டியாம். கண்ணுக்குப் போகும் நரம்பை அதுதான் அழுத்துகிறதாம். "கேன்சரா இருக்கலாம். சதை எடுத்துப் பார்க்கணும். அடுத்த தடவை யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார்.

யாரை? பூவம்மாவை விட்டால் எனக்கு ஆளில்லை. சொன்னால் அந்தக் கேள்வி போய்விடும். கட்டியைவிட அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் "இன்னா மாமு" என்று ஆரம்பித்தாள்.

"கண்ணடிக்கலம்மா. உள்ள கட்டி கீதாம். கேன்சரா இருக்கும்ன்றாங்கோ. கூட ஒரு ஆள் வேணுமாம்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் வரேன்."

சொன்னபடி கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்தாள். சதை எடுத்த அன்றும் முடிவு சொன்ன அன்றும் கூடவே இருந்தாள். கேன்சர்தான். சீக்கிரம் தெரிந்ததால் வைத்தியம் பார்க்கலாம் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது படம் இருந்த கவரை அவளே மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். இமை அப்படியேதான் தொங்கியது. நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். பூவம்மா என் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினாள்.

"சாப்டுங்கண்ணா" என்றாள்.