செங்குட்டுவனைத் திருப்பிய இடம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பாவாடை போய் நிற்பார். மாலை வாங்கிப் போவதெல்லாம் கிடையாது. பிணத்தின் முகத்தை உற்றுப் பார்ப்பார். வாய் திறந்திருந்தால் உயிர் வாய்வழி போயிருக்கிறது; கண் திறந்திருந்தால் கண்வழி. பக்கத்து குவார்ட்டர்ஸ் செங்குட்டுவன் இறந்தபோது இரண்டுமே மூடியிருந்தன. ஆள் முழுசாகக் கிளம்பவில்லை என்று பாவாடைக்கு அப்போதே சந்தேகம்.

அடுத்தது ரவுண்டானாவில் நடந்தது. சுடுகாட்டுக்குப் போகும் பாதி வழியில் பாடையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்புவது வழக்கம். ஆவி வீட்டு வழியை மறக்கட்டும் என்றுதான். அமரர் ஊர்தியை நிறுத்தி, முறையாக இறக்கித் திருப்பித்தான் ஏற்றினார்கள். ஆனால் ரோடு தெரியாத டிரைவர் ரவுண்டானாவை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டான். அந்தச் சுற்றில் ஆவி வீட்டு வழியை மறுபடி பார்த்துவிட்டது; போட்ட முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிட்டது. கூட வந்த அத்தனை பேரில் அதைக் கவனித்தவர் பாவாடை ஒருவர்தான்.

வழி தெரிந்த ஆவி வந்துதான் தீரும். வந்தால் எந்த வீடு என்று அதற்கு எப்படித் தெரியும்? பிளாக் முழுக்க ஒரே அச்சு வீடு, ஒரே நிறக் கதவு. ஷிப்ட் முடிந்து வரும் உயிருள்ளவனே தூக்கக் கலக்கத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.

காரியம் முடிந்த மறுவாரம், கருவாட்டு வாடையே ஆகாத பாவாடை வீட்டில் அவர் மனைவி திலகவதி நெத்திலிக் கருவாடு வறுத்தாள். டீயைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடித்தாள். இரண்டும் செங்குட்டுவன் பழக்கம். பாவாடை பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு மாறினார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளோடு படுக்கலாம். செங்குட்டுவனோடு எப்படிப் படுப்பது?

கேட்டதற்கு, செங்குட்டுவன் பெண்டாட்டி மாணிக்கம்மாளுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்ததில் தொற்றிக்கொண்டது என்றாள். செங்குட்டுவனும் எதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருக்கிற ஆள்தான். சந்தேகம் இறுகியது.

அதற்கு வைத்தியம் ஒன்றே. கோயிலுக்கு என்று சொல்லி அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், ரவுண்டானாவை எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கியது.

"இன்னாங்க, கோயிலு இங்கயா இருக்குது?"

"பேசாம குந்து. வழி மறக்கணும்."

"யாருக்கு?"

அதைத்தானே அவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தலை கிறுகிறுக்கும்வரை சுற்றிவிட்டு பிளாக்குக்குத் திரும்பி, முன்சக்கரம் வாசற்படியில் முட்ட வண்டியை நிறுத்தினார்.

"எறங்கு. வூடு வந்துட்டுது."

திலகவதி இறங்கவில்லை. "நம்ம வூடு அடுத்ததுங்க."

கதவைத் திறந்த மாணிக்கம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தாள்.

"அவரும் இப்பிடித்தான் படியில முட்டிக்கினு நிறுத்துவாரு."

உள்ளே கருவாடு வறுபடும் வாடை வந்தது. பாவாடைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இறங்கினால் கால் எந்த வாசலுக்குப் போகும் என்று அவருக்கு நிச்சயமில்லை. ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.