மூன்றாம் கிடங்குப் பொரி

துறைமுகத்து மூன்றாம் கிடங்கில் இறக்கிய மரபணு மாற்றிய மக்காச்சோளம், பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் நெருப்பில்லாமலே பொரிந்தது. அங்கங்கே பொரிந்து கிடந்ததைப் பார்த்து வெயில்தான் காரணம் என்றார் கிடங்குக்காரர். அதை அவர் மனதார நம்பியதால் அப்போது எதுவும் பொரியவில்லை. ஆகவே மேடை போடும்வரை உண்மை யாருக்கும் தெரியாது.

சோளத்தைச் சோதித்தவள் துறைமுக ஆய்வுக்காரி. திரும்பத் திரும்ப அரைத்துப் பார்த்தும் கெடுதல் எதுவும் அவளுக்கு அகப்படவில்லை. அவளுடைய சித்தப்பா உள்ளூர்ச் சோள வியாபாரிகள் சங்கத் தலைவர். விலை ஏறட்டும் என்று போன அறுவடையை மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்திருந்தவர். தேர்தல் நெருங்கியிருந்தது. மந்திரிக்கு ஓர் எதிரி தேவைப்பட்டது. கடல் கடந்து வந்த சோளத்துக்கு ஓட்டில்லை என்பது வசதியாகப் போயிற்று. சித்தப்பா செலவில், மூட்டைகள் படத்தில் விழவேண்டுமே என்று, கிடங்கு வாசலிலேயே மேடை போட்டார்கள்.

“விஷம்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. இல்லேன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல,” என்றார் சித்தப்பா.

“நீங்க பூட்டி வெச்சிருக்கிறதுல வண்டு விழுந்திருக்கே சித்தப்பா, அதையும் சேர்த்துச் சொல்லவா?”

“வாயப் பாரு! அப்படியே உங்கம்மா.”

மந்திரி, “மக்கள் உடல்நலம் ஒன்றே என் கவலை” என்று தொடங்கியதும் உள்ளே ஒரு மூட்டை வெடித்தது. சித்தப்பா, “விவசாயிக்காகத்தான் போராடுறோம்” என்றார். ஒரு வரிசையே பொரிந்து வாசலுக்கு வழிந்தது. இறக்குமதிக்காரர் குஷியாகி, “ஏழைங்க பசிக்காகத்தான் நான் கொண்டு வந்தேன்” என்று கத்த, கூரைத் தகடு பறந்தது. கூட்டம் உப்பு கேட்டது.

ஆய்வுக்காரி ஒலிபெருக்கியைப் பிடித்தாள். “நான் சோதிச்சதுல விஷம் எதுவும் இல்ல. இதுல எனக்கு ஒரு லாபமும் கிடையாது.” டப்பென்று ஒன்றே ஒன்று வெடித்து அவள் மூக்கில் பட்டது. கூட்டத்தோடு அவளும் சிரித்துவிட்டாள். “சரி, எங்க வீட்டுக்காரர் கோழிப் பண்ணை வெச்சிருக்கார். தீவனம் விலை குறைஞ்சா எங்களுக்கு நல்லதுதான். அதுக்காக இல்லாத விஷம் வந்துடாது. யார் மிரட்டினாலும் என் வாயால அது வராது.” கிடங்கு கம்மென்று இருந்தது.

அந்தச் சோளத்துக்குத் தடை எப்படியும் வந்தது. அதை வானொலியில், வெகு தூரத்திலிருந்து அறிவித்தார்கள். தண்டனையாக அவளை அந்தச் சோளத்துக்கே காவல் போட்டார்கள். வருஷங்கள் போயின, மந்திரிகளும் போனார்கள். சித்தப்பா அந்தப் பக்கம் வந்தால் சைகைதான். தினமும் பூட்டைத் திறந்ததும் அவள், “இன்னிக்கு மன்னிப்புக் கேட்டுட்டு ஆய்வுக்கூடத்துக்கே திரும்பிடப் போறேன்” என்பாள். ஒன்று பொரியும். அதை வாயில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.