நகத்தில் நின்ற நீலம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. நர்ஸாக இருக்கும் என் அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னது. "எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளா காட்டினே, செருப்பு பிஞ்சிடும்" என்றாள்.

முதல் வரி: 'வார்டின் மௌனத்தில் ஒரு மூச்சு...' வேண்டாம். நிஜமாகவே அடிப்பாள்.

2

அக்காவின் வார்டுக்கு வந்தவர் சாயப்பட்டறைத் தொழிலாளி. உட்காரவும் மாட்டார், படுக்கவும் மாட்டார். போர்வையை உதைக்கிறார். விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் குறைவு என்றது. நகமெல்லாம் நீலம்.

"என்னண்ணே, கை இப்படி இருக்கு?"

"சாயக்காரன் கை வேற எப்படிம்மா இருக்கும்? தங்கமாவா மின்னும்?"

அக்கா சிரித்துவிட்டாள். எங்கள் அப்பாவும் சாயக்காரர்தான். அந்த நீலக் கை பிசைந்த சோற்றில் வளர்ந்தவர்கள் நாங்கள். சாயம் கருவியை ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டி நகர்ந்துவிட்டாள்.

(அவளுக்கு அன்று வேலை அதிகம் என்று எழுதி அடித்துவிட்டேன். பாதிக் கட்டில் காலியாம்.)

3

பெரிய சிஸ்டர் வந்தார்.

"நாக்கைப் பார்த்தியா?"

"இல்ல சிஸ்டர், சாயம்தானேன்னு..."

"ஏன், சாயத்தைக் குடிச்சாரா?"

நாக்கும் நீலம். கருவியைக் காது மடலில் மாட்டினால் அங்கேயும் குறைவு. மூச்சு போதாமல்தான் மனுஷன் உதைத்திருக்கிறார். அக்கா திமிர் என்று நினைத்திருக்கிறாள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டார்.

"நம்ம வீட்டுக் கைன்னு நெனச்சேன்டா. அதான் பார்க்கலை" என்றாள் அக்கா போனில்.

4

அக்கா வெட்கப்பட, தம்பி அதை எழுதிப் பேர் வாங்க, கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

'அப்பாவின் நகம் போலவே' என்று எழுதும்போது சரிபார்க்க நிமிர்ந்தேன். எதிர் நாற்காலியில் அப்பா. நீலம்தான்.

அவர் பட்டறையை விட்டு இரண்டு வருஷமாகிறது. சாயம் ஏறிய நகமெல்லாம் எப்போதோ வளர்ந்து விழுந்திருக்கும். அவருக்கு நகம் வெட்டிவிடுகிறவன் நான்.

கொஞ்ச நாளாகப் படுக்க மாட்டேன் என்று நாற்காலியிலேயே தூங்குகிறார். "வயசாக வயசாகப் பிடிவாதம்" என்று அக்காவிடம் சொன்னவனும் நான்தான்.

5

கதைக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். இரண்டிலும் நான் நல்லவன். கிழித்தாயிற்று.

"அப்பா, நாக்கை நீட்டுங்க."

"எதுக்குடா? கதைக்கா?"

"நீட்டுங்கப்பா."

சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் மூச்சு முட்டி நிற்கிறது. வாயைத் திறக்கிறார்.

என்ன நிறம் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் வண்டி பிடிக்கணும்.