பக்கிரியின் கோபம் போன இடம்

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பக்கிரியின் கோபம் அவரை விட்டு இறங்கி, அவருடைய வெள்ளாட்டுக் கிடாவுக்குள் போய்விட்டது. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் விழுந்த நேரம் அதுதான்.

பட்டியில் நாலு ஆடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர். சீமாட்டி ஈரத்தில் கால் வைக்காது. கூப்பிட்டால் சற்றுக் காக்க வைத்துத்தான் திரும்பும். திருட்டுக் கழுதை கொடியில் காயும் சேலையைத் தின்றுவிட்டு அடுத்த ஆட்டின் பின்னால் அப்பாவியாய் நிற்கும். ஊமைச்சி, யார் அழுதாலும் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். இதெல்லாம் எந்தப் பட்டியிலும் நடக்கிற கூத்துதான். பொரிக்கண்ணன் என்ற அந்தக் கிடாதான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. கோழி முறைத்தாலே ஒதுங்கி வழிவிடும்.

செவ்வாய்க்குப் பிறகு அது நாலு மணி ஆனால் டீ கேட்டு வாசற்கதவை முட்டியது. சர்க்கரை ஜாஸ்தியானால் டம்ளரைத் தட்டிவிட்டது. மனைவி பொன்னியின் அண்ணன் கதிர்வேலோடு பக்கிரிக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது கதிர்வேலின் வண்டிச் சத்தம் கேட்டாலே கிடா முகத்தைத் திருப்பிக்கொண்டது. பொன்னிக்குப் புரிந்துபோயிற்று. ஆனால் அதற்குள், ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாளே, புருஷனைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினால் இந்தக் கிடாவை வெட்டுகிறேன் என்று முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள், பாவி மகள்.

“அத வெட்டுனா அவரோட கோவமும் போயிடும்ண்ணா. முப்பது வருஷமா நான் அந்தக் கோவத்தோடதான குடும்பம் நடத்துறேன்?” என்று அண்ணனிடம் கேட்டாள் பொன்னி.

“சாமிக்குச் சொன்னத மாத்துவியா? மச்சானுக்கு ஏதாச்சும் ஆனா என்னா பண்ணுவ?” என்றார் கதிர்வேல்.

பொன்னி ரெண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஊமைச்சி அவள் காலடியை விட்டு எழவேயில்லை.

முனீஸ்வரன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்குமுன் யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள். வேண்டுதல் நாளன்று பக்கிரியை ஆட்டோவில் கொண்டுவந்து, ஆட்டோவை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். முதல் குடம் ஊற்றினார்கள். பொரிக்கண்ணன் பூசாரியை முறைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது குடத்துக்கும் அசையவில்லை. மூன்றாவது குடம் ஊற்றியபோது, இருபதடி தள்ளி ஆட்டோவில் உட்கார்ந்திருந்த பக்கிரியின் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்தது. அவர் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு சிலுப்பு சிலுப்பினார். விழுந்துபோன வலது கையும் சேர்ந்து உதறியது.

“பொன்னி, குளுருது” என்றார்.

அவள் ஓடிப்போய் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட அழுதாள். பூசாரிதான் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார்.

“உத்தரவு கெடச்சிடுச்சி. ஆனா சிலுப்புனது இவரு. இவரயா வெட்ட முடியும்?”

கூட்டம் சிரித்தது. கதிர்வேல்கூடச் சிரித்தார். கிடாவைச் சாமி பேருக்கு உயிரோடு விட்டுவிட்டு, பொங்கல் வைத்துத் திரும்பினார்கள்.

பேச்சு திரும்பிவிட்டது, கை பாதி திரும்பியிருக்கிறது. கோபம் மட்டும் கிடாவிடமே தங்கிவிட்டது. இப்போது நாலு மணிக்குப் பொன்னி இரண்டு டம்ளர் டீ போடுகிறாள். எப்படிப் போட்டாலும் பக்கிரி நல்லாருக்கு என்கிறார். சர்க்கரை சரியா என்று அவள் கிடாவிடம் கேட்டுக்கொள்கிறாள்.